மழை விட்டதும் செய்யவேண்டிய பேட்டரி வேலை: செம்பூர் ஃபிளாட் ஒன்றின் செய்முறைப் பதிவு

மும்பையில் பேட்டரி வேலைக்கு ஏற்ற மாதம் அக்டோபர். நான்கு மாத ஈரம் அப்போதுதான் முடிந்திருக்கும். தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது எல்லாச் சாமானும் எப்படியும் கைக்கு வரும். ஏசி ரிமோட், சுவர்க்கடிகாரம், பி.பி. மெஷின், குளியலறை கேஸ் கீசர், பரணில் கிடக்கும் டார்ச் என்று செல் போடும் அத்தனையையும் ஒரே நாளில் திறந்து பார்த்துவிடலாம். செம்பூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றில் அப்படிச் செய்த வேலையின் பதிவு இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செல் தீர்ந்துபோவதால் சாதனம் கெடுவதில்லை. தீர்ந்த செல்லை எடுக்காமல் உள்ளேயே விட்டுவைப்பதால்தான் கெடுகிறது. செல்லை வாங்குவதில் காட்டும் கவனத்தில் பாதியை வெளியே எடுப்பதில் காட்டினாலே ரிப்பேர் செலவு பெரும்பாலும் மிச்சம்.

தேவைப்பட்ட பொருள்கள் அதிகமில்லை. சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று. 10 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஒற்றைச் செல் ஹோல்டர், ஏஏ அளவில் ஒன்றும் டி அளவில் ஒன்றும். இவை அத்தனையும் மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் ஒரே கடையில் கிடைக்கும். இவற்றோடு வெள்ளை வினிகர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பட்ஸ், பழைய டூத் பிரஷ், 400 நம்பர் உப்புத்தாள், ரப்பர் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, இன்சுலேஷன் டேப், அழியாத மார்க்கர் பேனா.

சோதனை

செல்லை வெறுமனே மீட்டரில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காது என்பதால், பாதிக்கு மேல் தீர்ந்த அல்கலைன் செல்கூட 1.3 வோல்ட் காட்டிக்கொண்டு நிற்கும். அதை மோட்டார் உள்ள சாதனத்தில் போட்டால் அடுத்த நொடியே படுத்துவிடும். அதனால் சுமை கொடுத்து, அதாவது செல்லிலிருந்து கரண்டை இழுத்தபடிதான் பார்க்க வேண்டும். ஹோல்டரின் இரண்டு வயர்களுக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து, அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் போதும். 1.5 வோல்ட்டுக்கு 150 மில்லிஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் 0.225 வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் விளிம்பில் நிற்கும் என்பதால்தான் அரை வாட். ஐந்து நொடி பொறுத்து எண்ணைப் படிக்க வேண்டும். பெரிய டி செல்லுக்கு இரண்டு 10 ஓமையும் பக்கவாட்டில் சேர்த்து 5 ஓமாக்கி, 300 மில்லிஆம்பியரில் பார்த்தோம்.

அல்கலைன் ஏஏ, ஏஏஏ செல்களுக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: சுமையில் 1.3 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் எதற்கும் ஆகும். 1.1 முதல் 1.3 வரை என்றால் கடிகாரத்துக்கோ டிவி ரிமோட்டுக்கோ மாற்றலாம். 1.1க்குக் கீழே என்றால் கழிவு டப்பாவுக்கு. பழைய சிவப்பு, கறுப்பு உறை போட்ட கார்பன் ஜிங்க் செல்லுக்கு இதே கணக்கு பொருந்தாது. புதிதாக இருக்கும்போதே சுமையில் கொஞ்சம் இறங்கும். அதற்கு 1.2 வந்தால் நல்ல செல் என்று கொள்ளலாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் கடைசிவரை 1.2 அருகிலேயே நிற்கும், ஆகவே மீதி எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது. 1.1க்கு இறங்கினால் சார்ஜுக்குப் போட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். சிஆர் 2032 போன்ற லித்தியம் காசு செல்லுக்கு 10 ஓம் கூடவே கூடாது, 1 கிலோ ஓம்தான், 2.9 வோல்ட்டுக்கு மேல் நல்லது, 2.7க்குக் கீழே மாற்று.

செல்லை மேசையில் செங்குத்தாகப் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அல்கலைன் செல்லின் உள்ளே களிபோல் இருக்கும் துத்தநாகம் செலவாகச் செலவாக ஆக்ஸைடாகி இறுகுவதால் துள்ளும் என்பது உண்மை. ஆனால் பாதி தீர்ந்ததுமே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடும். துள்ளுகிற செல் புதியதல்ல, அவ்வளவுதான். தீர்ந்துவிட்டது என்று அதை வைத்துத் தூக்கிப்போட்டால் பாதிச் செல் வீண்.

பி.பி. மெஷினில் கிடைத்த எண்களைச் சொல்ல வேண்டும். நான்கு ஏஏ செல்கள். சுமையில் மூன்று 1.31, 1.30, 1.32. நான்காவது 0.42. அது வேறு பிராண்டு. முன்பு ஒருமுறை ஒரே ஒரு செல்லை மட்டும் மாற்றப்போய்க் கலந்த பழைய செல். கைப்பட்டை காற்று ஏறும்போது பம்ப் மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும். மூன்று நல்ல செல்களும் அந்தக் கரண்டைத் தீர்ந்த செல் வழியாகவும் தள்ளும். அதில் தருவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் அதன் துருவம் தலைகீழாகும், உள்ளே வாயு உண்டாகும், அழுத்தம் ஏறி அடைப்பு விட்டுக்கொடுக்கும், செல் கக்கும். நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே பிராண்டில், ஒரே வகையில் மாற்றச் சொல்வதற்கு முழுக் காரணம் இதுதான். இங்கே நான்காவது செல்லின் எதிர்முனையை, அதாவது மைனஸ் பக்கத்தை, சுற்றி உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது, ஸ்பிரிங்கை எட்டவில்லை. மீதி மூன்றையும் ரிமோட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நான்கு புது அல்கலைன் போட்டோம்.

எதற்கு எந்தச் செல்

விலையைப் பார்த்து வாங்குவதைவிடச் சாதனம் எவ்வளவு கரண்ட் கேட்கிறது என்று பார்த்து வாங்குவதே முறை. சாதாரண சுவர்க்கடிகாரம் சராசரியாக ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 876 மில்லிஆம்பியர் மணி. கார்பன் ஜிங்க் ஏஏ செல்லின் கொள்ளளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கடிகாரத்துக்குக் கார்பன் ஜிங்க் போட்டு ஆண்டுக்கு ஒருமுறை, முள் நிற்கும்வரை காத்திராமல், மாற்றிவிடுவது நல்லது. 2,000 முதல் 2,800 மில்லிஆம்பியர் மணி கொடுக்கும் அல்கலைனைப் போட்டால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். ஆனால் அத்தனை காலம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அங்கேதான் கசிவு காத்திருக்கிறது.

டிவி ரிமோட்டும் அப்படியே. ஏசி ரிமோட் வேறு விஷயம்: மும்பையில் மழைக்காலம் முழுக்க அது தொடப்படாமல் கிடக்கும், போர்டு போனால் புது ரிமோட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். அதில் அல்கலைன் போட்டு, ஏசியை நிறுத்தும் ஜூனில் செல்லை உருவிவிடுவது நல்லது. பம்ப், மோட்டார், ஃபிளாஷ் உள்ளவற்றில் கார்பன் ஜிங்க் செல்லைப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். அதிகக் கரண்டில் அதன் உள்தடை ஏறி, கொள்ளளவில் பாதிகூட வெளியே வராது.

குழந்தைகளின் ஓடும் பொம்மை, வயர்லெஸ் மவுஸ், தினமும் எரியும் டார்ச் இவற்றுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான் கட்டுப்படியாகும். வாங்கும்போது ‘லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்’ வகையா என்று கேட்டு வாங்கவும். சாதாரண வகை சும்மா கிடந்தே ஒரு மாதத்தில் கணிசமான சார்ஜை இழந்துவிடும். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துத் தானே நிறுத்துவதாக இருக்க வேண்டும். நேரம் பார்த்து நாமே பிடுங்க வேண்டிய சார்ஜர்கள் செல்லைச் சுட்டுச் சுட்டே ஆயுளைக் குறைக்கும். அந்தச் சார்ஜரில் அல்கலைனையோ கார்பன் ஜிங்கையோ ஒருபோதும் வைக்கக்கூடாது. கசியும், சில சமயம் வெடிக்கும்.

கடையில் செல்லைத் திருப்பி அடியில் அச்சிட்டிருக்கும் மாதம், ஆண்டைப் பார்க்கவும். உறையில் எல்ஆர் 6 என்றிருந்தால் அல்கலைன் ஏஏ. வெறும் ஆர் 6 என்றால் கார்பன் ஜிங்க். எச்ஆர் 6 என்றால் நிக்கல். ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாகப் போட்டிருப்பதெல்லாம் கார்பன் ஜிங்க்தான். வாங்கி வைத்ததை ஃபிரிட்ஜில் போட வேண்டாம்; வெளியே எடுத்ததும் ஈரம் பூத்து முனைகள் துருவேறும். போடும் அன்று மார்க்கரால் செல்லின் மேலேயே மாதமும் ஆண்டும் எழுதிவிட்டால், அடுத்த சோதனையில் பாதி வேலை மிச்சம்.

கீசரின் பேட்டரிப் பெட்டி

இந்த ஃபிளாட்டில் அதிக நேரம் பிடித்தது இதுதான். கேஸ் கீசர் தீப்பொறிக்கும் வால்வுக்கும் இரண்டு டி செல்களையே நம்பியிருக்கிறது. குழாயைத் திறந்ததும் தண்ணீரின் ஓட்டம் சுவிட்சைத் தட்டும், பொறி டிக் டிக் என்று அடிக்கும், மின்காந்தத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு கேஸைத் திறக்கும், தீ பற்றும். இங்கே பற்றிய சில நொடியில் அணைந்துகொண்டிருந்தது. செல்லைக் கழற்றி வெறும் மீட்டரில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 2.9 வோல்ட். சுமை கொடுத்ததும் 2.2. வால்வைப் பிடித்துவைக்க அது போதாது.

முதலில் கேஸ் குழாயின் வால்வையும் தண்ணீர் வால்வையும் மூடினோம். பெட்டி கீசரின் அடியில் இருக்கும். மூடியைத் தள்ளிக் கழற்றினால் செல்கள் வரும். ஒரு செல் வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றது ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தால் ஸ்பிரிங் பிய்ந்துவிடும். எதிர்முனைப் பக்கம் வினிகர் நனைத்த பட்ஸை இரண்டு நிமிடம் வைத்து, செல்லை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அல்கலைன் செல்லின் அடைப்பு எதிர்முனையில் இருப்பதால் கசிவும் அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்பிரிங்கின் அடிச்சுருள்களில் கல்லுப்பு பூத்தது மாதிரி வெள்ளைப் படிவம். உள்ளிருந்து வந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றின் கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாக உறைந்த படிவம் அது. ஈரமாக இருக்கும் பகுதி இன்னும் காரம்தான், தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொட வேண்டாம்.

உலர்ந்த படிவத்தை டூத் பிரஷ்ஷால் செய்தித்தாளின் மேல் தட்டி எடுத்தோம். பிறகு பட்ஸில் வினிகர், ஒவ்வொரு சொட்டாக. தொட்டதும் நுரைக்கும், நுரை நிற்கும்வரை பட்ஸை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். வினிகரை அப்படியே விட்டால் அதுவே உலோகத்தை அரிக்கும் என்பதால், குடிதண்ணீரில் நனைத்த பட்ஸால் இரண்டு முறை, ஆல்கஹாலில் ஒரு முறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிட்டோம். கசிந்தது கார்பன் ஜிங்க் செல்லாக இருந்தால் வினிகர் வேண்டாம். அதன் கசிவு லேசான அமிலம், ஆகவே சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் துடைப்பதே சரி.

காய்ந்தபின் ஸ்பிரிங்கைப் பார்த்தால் மேல்சுருள் பளபளப்பாக இருந்தது. அடிச்சுருளில் நிக்கல் பூச்சு போய், உள்ளிருக்கும் இரும்பு கருத்திருந்தது. பக்கத்துப் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு. களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஸ்பிரிங்கைத் தேய்ப்பதில் மட்டும் கை அடக்கமாக இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பூச்சையும் தேய்த்துவிட்டால் அடுத்த மழைக்குள் துரு பிடிக்கும். கருத்த இடத்தை மட்டும் உரசிவிட்டு, மெல்லிசாக ஈயம் வைத்து மூடினோம்.

அதன் பிறகும் மீட்டரில் ஸ்பிரிங்குக்கும் வயரின் மறுமுனைக்கும் இடையே 14 ஓம் காட்டியது. அரை ஓமுக்குள் வர வேண்டிய இடம் அது. பலரும் சுத்தம் செய்த கையோடு புதுச் செல் போட்டுவிட்டு, கீசர் மறுபடி அணைந்ததும் ‘போர்டு போயிற்று’ என்று முடிவுகட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கசிந்த காரம் வயரின் பிளாஸ்டிக் உறைக்குள் திரிபோல ஏறிப் போகும். உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் செம்புக் கம்பிகள் கருகியதுபோல் கறுத்திருந்தன. கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே மூன்று சென்டிமீட்டர் போயிற்று. அதே கனத்தில் புது வயர்த் துண்டு சேர்த்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடியபின் 0.2 ஓம். புதிய அல்கலைன் டி செல்கள் இரண்டு, முனைகளில் பூசினது தெரியாத அளவுக்கு வாஸ்லின். பொறி ஒரே சீராக அடித்தது, தீ நின்றது.

கீசருக்கு ரீசார்ஜ் செல் வேண்டாம், 2.4 வோல்ட்டில் தொடங்கினால் வால்வுக்கு வேண்டிய வோல்ட்டுக்கு மேல் மிச்சமே இருக்காது. மே மாதம் ஊருக்குப் போகும்போது கேஸ் குழாயின் வால்வை மூடுகிற கையோடு இந்த இரண்டு செல்லையும் எடுத்துவிட்டுப் போகவும். பேட்டரிப் பெட்டியைத் தாண்டி வால்வு, பர்னர் பக்கம் கை வைப்பது மெக்கானிக்கின் வேலை. புதுச் செல்லும் நல்ல வயரும் இருந்தும் தீ அணைந்தால் அவரைத்தான் கூப்பிட வேண்டும். குளியலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு கேஸ் கீசர் போடக்கூடாது; கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

கொசு பேட்டில் பெரும்பாலும் 4 வோல்ட் குட்டி ஈய அமில பேட்டரி இருக்கும். வாரக்கணக்கில் காலியாக விட்டால் உள்தகடு சல்ஃபேட் படிந்து செத்துப்போகும். பிளக்கில் இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வலையின் கெபாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்; பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் உள்வலையையும் வெளிவலையையும் சேர்த்துத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

காசு செல்

சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு. சிக்கிய இடத்தின் ஈரத்தில் கரண்ட் ஓடி, எதிர்முனைப் பக்கம் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். கடிகாரத்துக்கு ஆகாத ‘தீர்ந்த’ செல்லிலும் இதற்குப் போதுமான சக்தி உண்டு. குளுக்கோமீட்டர், எடை மெஷின், கார் சாவி என்று வீட்டில் எங்கும் இருக்கிறது. தீபாவளிக்கு வாங்கும் எல்இடி அகல்களின் அடிமூடி பல சமயம் ஸ்க்ரூ இல்லாமல் நகத்தாலேயே திறக்கும். அவற்றின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுத்தான் தரையில் வைக்க வேண்டும்.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே 108க்கு அழைப்பதோ, எக்ஸ்ரே உள்ள அவசரப் பிரிவுக்கு ஓடுவதோ முதல் வேலை. செம்பூர், மாட்டுங்கா, தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை பக்கம். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, சாப்பிடக் கொடுக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம். தேன் அரிப்பை மந்தப்படுத்தும், அவ்வளவே. தேனைத் தேடுவதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். செல்லின் காலி அட்டை இருந்தால் டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகவும்.

கழித்த செல்லை என்ன செய்வது

2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கார் பேட்டரிக்கு மட்டுமல்ல, பென்சில் செல்லுக்கும் காசு செல்லுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. தயாரித்தவரும் இறக்குமதி செய்தவரும் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. உறையில் அடித்துவிட்ட குப்பைத்தொட்டிப் படம் அதைத்தான் சொல்கிறது. ஈரக் குப்பையிலும் போகக்கூடாது, உலர் குப்பையிலும் போகக்கூடாது. செம்பூர்க்காரர்களுக்கு தேவ்நார் குப்பை மேடு எவ்வளவு அருகில் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய சாமான் வாங்கும் பங்கார்காரர் போன், பவர் பேங்க், கொசு பேட்டின் ஈய பேட்டரி இவற்றை வாங்கிக்கொள்வார். பென்சில் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். லித்தியம், ஈயம் இரண்டையும் அவரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. உடைத்துப் பிரிக்கும் கை பெரும்பாலும் கையுறை இல்லாத கை.

வீட்டில் சேர்த்து வைக்க அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பா போதும். இரும்பு டின் வேண்டாம், முனைகள் குறுக்கே சேரும். மூடியில் இரண்டு மூன்று ஓட்டை போடவும். பழைய செல்கள் மெல்ல ஹைட்ரஜன் விடும். 9 வோல்ட் செல்லின் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் ஒரு சாவி பட்டாலே சூடேறும். அதற்கு முனைமேல் டேப். காசு செல்லை இரு பக்கமும் மூடும்படி டேப்பில் சுற்றவும். ஏஏ, ஏஏஏ அல்கலைனுக்கு டேப் கட்டாயமில்லை, ஆனால் கசிந்தவற்றைத் தனி ஜிப் பைக்குள் போடவும். டப்பா இருக்க வேண்டிய இடம் அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில். மேலே தமிழில் மட்டும் எழுதாமல் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டவும். வேலைக்கு வருபவர் அதைக் குப்பையோடு கொட்டிவிட மாட்டார்.

உப்பிய லித்தியம் பேட்டரி, அதாவது பழைய போன், புளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க் இவற்றில் வருவது, இந்த டப்பாவுக்குள் போகக்கூடாது. அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் செய்யவே கூடாது. உலர்ந்த மணல் நிரப்பிய மண்தொட்டியில் புதைத்து, வெயிலும் மழையும் படாத பால்கனி மூலையில் வைத்து, சேகரிப்பவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான். குப்பை லாரியின் அழுத்தும் தகட்டில் இது நசுங்கினால் வண்டியிலேயே தீப்பிடிக்கும்.

ஒரு வீட்டில் சேரும் செல்லுக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். குடியிருப்பு சொசைட்டியாகச் சேர்ந்தால் வருவார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பேட்டரி இணையதளத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் இருக்கிறது. அழைத்துப் பேசும்போது “கார்பன் ஜிங்க், அல்கலைன், காசு செல் மூன்றும் எடுப்பீர்களா?” என்று தனித்தனியாகக் கேட்கவும். மின்கழிவு என்று வரும் பலர் போனும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு செல்களை விட்டுவிடுவார்கள். ஒப்படைக்கும்போது எடை போட்டு, வகை எழுதி, ரசீது வாங்கி சொசைட்டி ஃபைலில் வைக்கவும். தராசில் ஏற்றும் முன் கசிந்தவற்றின் பையையும் உப்பிய லித்தியம் பேட்டரி புதைத்த மண்தொட்டியையும் தனியே எடுத்துக் காட்டிவிட வேண்டும், அவர்கள் வண்டியில் அடுக்கும் முறை வேறு.